வேலூரில் தெருக் கண்காணிப்புக் குழு தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குக் கிரிவலம் சென்று மறுநாள் காலை திரும்பியபோது, பின்கதவு நெம்பித் திறக்கப்பட்டு, பீரோ உடைக்கப்பட்டிருந்தது. அன்று மாலைக்குள் மூன்று விஷயங்கள் வெளியே வந்தன. இரண்டு நாட்களாக ஒரு இரு சக்கர வாகனம் தெருமுனையில் நின்று நின்று போனதை இஸ்திரி போடுபவர் பார்த்திருந்தார். வீட்டு வாசலில் யாரோ அழைப்பு மணியை அடித்துவிட்டுப் பதில் வராமல் திரும்பியதை எதிர்வீட்டுப் பாட்டி கவனித்திருந்தார். நள்ளிரவில் பின்பக்கக் காலி மனையில் நாய்கள் விடாமல் குரைத்ததைக் கேட்டு இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த மாணவர்கள் விழித்திருந்தார்கள். மூன்று தரப்பும் அறிந்ததை ஒன்றாகச் சேர்த்திருந்தால் அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் சேர்த்து வைக்க ஓர் இடம் எங்களிடம் இல்லை.

தெருக் கண்காணிப்புக் குழு என்று நான் சொல்வது அந்த இடத்தைத்தான். ஒரு தெருவில் நடப்பவை எல்லாம் யாராவது ஒருவருக்குத் தெரிந்தே இருக்கும், அவை துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதுதான் குறை. அந்தத் துண்டுகளைச் சேர்த்து, உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்வது குழுவின் வேலை. பிடிப்பதும், விசாரிப்பதும், அடிப்பதும் அதன் வேலை அல்ல.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் வட ஆற்காட்டிலேயே காரணம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி எங்கும் பரவியிருந்த வேளையில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தை, போளூருக்கு அருகே ஓர் ஊரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துச் சந்தேகித்த கூட்டம் அடித்தது. அதில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பதாக நினைத்துத்தான் கூடியிருப்பார்கள். ஆகவே குழு தொடங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே எடுக்க வேண்டிய உறுதி ஒன்று உண்டு: பார்ப்போம், குறிப்போம், சொல்வோம், யார் மீதும் கை வைக்க மாட்டோம்.

முதல் படி: தெருவை நடந்து பாருங்கள்

கூட்டம் போடுவதற்கு முன்பு, அக்கறையுள்ள நான்கைந்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, பகலில் ஒருமுறையும் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறையும் தெருவை முழுக்க நடந்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் தெருவின் வரைபடத்தைக் கையால் வரைந்து, எரியாத மின்கம்பங்கள், முட்புதர் மண்டிய காலி மனைகள், சுவர் ஏறிக் குதிக்க வசதியான இடங்கள், பாதியில் நின்றுபோன கட்டடங்கள், தனியாக வசிக்கும் முதியவர்களின் வீடுகள் ஆகியவற்றைக் குறியுங்கள். முதியோர் வீடுகள் குறிக்கப்பட்ட இந்தத் தாளைப் படமெடுத்து எங்கும் அனுப்ப வேண்டாம். அது தவறானவர் கையில் கிடைத்தால் அவருக்குத்தான் பயன்படும்.

பிறகு, உங்கள் தெருவுக்கு ஆபத்து எப்போது வருகிறது என்று யோசியுங்கள். வேலூரின் ஆண்டுச் சுழற்சி இதில் நிறையக் கற்றுத்தரும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பல வீடுகள் ஓரிரவு பூட்டிக் கிடக்கின்றன. ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை, இரத்தினகிரி, திருத்தணி என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகிறவர்களின் வீடுகளும், பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்கிறவர்களின் வீடுகளும் அவ்வாறே. தாலுகா முழுவதும் முகூர்த்த நாட்களில் மண்டபங்கள் நிறையும்போது, நகைகளை அணிந்துகொண்டு வெளியே போவதும், மீதியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

கோடையை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், மின்விசிறிக் காற்றும் அனலாக வரும்போது, குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. கீழ்க்கதவை வெறுமனே சாத்திவிட்டு மேலே உறங்குகிறவர்கள் பலர். அல்லது காற்றுக்காகச் சன்னலைத் திறந்து வைத்து, எட்டும் தூரத்தில் சாவியையும் கைப்பேசியையும் வைத்துவிட்டு உறங்குகிறார்கள். மாடிக்குப் போகிறவர்கள் கீழ்க்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதை ஒரு தெரு முழுவதும் பழக்கமாக்கிவிட்டால், அதுவே குழுவின் முதல் வெற்றி. அதேபோல் மார்கழியில் இருள் பிரியாத வேளையில் கோலம் போடும் பெண்களிடம் வாகனத்தில் வந்து சங்கிலி பறிப்பது எங்கும் கேள்விப்படும் குற்றம். அந்த நேரத்தில் அடுத்தடுத்த வீட்டார் ஒன்றாக வெளியே வருவதும், வாசல் விளக்கை எரியவிடுவதும், சங்கிலியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வருவதும் செலவில்லாத காப்பு.

இரண்டாம் படி: காவல் நிலையத்துக்கு முதலில் செல்லுங்கள்

பலர் குழு அமைத்து, பெயர் வைத்து, பலகையும் மாட்டிய பிறகுதான் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று பேர், அவர்களில் ஒருவராவது பெண்ணாக, உங்கள் பகுதிக் காவல் ஆய்வாளரை நேரில் சந்தித்து, தெருவின் பெயர், எல்லை, வீடுகளின் எண்ணிக்கை, தொடர்புக்குரிய இருவரின் பெயரும் எண்ணும் அடங்கிய ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, உங்கள் தெருவைச் சுற்றி வரும் பொறுப்புள்ள பீட் காவலர் யார், அவரது எண் என்ன. இரண்டாவது, ரோந்து வரும் காவலர்கள் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை உங்கள் தெருவில் ஓரிடத்தில் வைக்க முடியுமா. ஒரு கடையிலோ கோயில் வாசலிலோ அந்த நோட்டு தொங்கினால், இரவில் காவலர் வந்து போகும் இடமாக அது மாறிவிடும். மூன்றாவது, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே தகவல் கொடுத்தால் இரவு ரோந்தில் அந்த வீட்டையும் பார்த்துச் செல்வார்களா. எந்த வடிவில் தகவல் வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். காவல் நிலையத்தில் உரிய கவனம் கிடைக்கவில்லை என்றால், புதன்கிழமைகளில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். தெருவிளக்கு, சாலை, காலி மனை போன்றவற்றுக்கு மாநகராட்சியும், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்வுக் கூட்டமும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் காவல்துறைக்கு உதவுகிறவர்கள், அதன் பகுதி அல்ல. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கிப் பிறகு தமிழகமெங்கும் பரவிய பிரெண்ட்ஸ் ஆப் போலீஸ் என்ற காவல்துறை நண்பர்கள் அமைப்பு, நல்ல நோக்கத்தோடுதான் பிறந்தது. ஆனால் 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு எழுந்த புகார்களைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஜூலையில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. பொறுப்பில்லாமல் அதிகாரம் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டும். எனவே சீருடை வேண்டாம், போலீஸ் என்ற சொல் எழுதிய அடையாள அட்டை வேண்டாம், லத்தி வேண்டாம், வாகனத்தை நிறுத்தி ஆவணம் கேட்கும் வேலையும் வேண்டாம்.

மூன்றாம் படி: முதல் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். யாருடைய வீட்டிலும் கூடாமல், பள்ளி வளாகம், பொது மண்டபம், தெருவின் திறந்தவெளி என்று எல்லோரும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கோயில் மண்டபத்தில் கூடினால் வேறு மதத்தவர் வரத் தயங்குவார்களா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்புவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி நேரில் அழையுங்கள். திருமணப் பத்திரிகையை நேரில் வைப்பதற்கும் தபாலில் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு.

யாரை அழைப்பது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடினால் அது வீட்டு உரிமையாளர் சங்கம் ஆகிவிடும். பகல் முழுவதும் தெருவில் இருப்பவர்கள் இஸ்திரி வண்டிக்காரர், தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அம்மா, ஆட்டோ நிறுத்தத்தில் இருக்கும் ஓட்டுநர்கள், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோர். இரவில் விழித்திருப்பவர்கள் மாணவர்களும் கூர்க்காவும். அதிகாலையில் எல்லோருக்கும் முன்பு வருகிறவர்கள் பால்காரரும் பேப்பர் போடும் தம்பியும். இவர்கள் இல்லாத குழுவுக்குக் கண் இருந்தும் பார்வை இருக்காது.

வேலூருக்கே உரிய இன்னொரு நிலை உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் வந்து, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், லாட்ஜிலும் வாடகை அறையிலும் தங்குகிறார்கள். விஐடி மாணவர்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்து காட்பாடிப் பக்கம் வசிக்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாத ஒருவர் தெருவில் நின்று முகவரி தேடுவது இந்த ஊரில் அன்றாடக் காட்சி. மொழியோ முகமோ உடையோ சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது என்பதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லி, கூட்டக் குறிப்பிலும் எழுதிவிடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தாயை அழைத்து வந்த மகனை நம் தெரு திருடனாகப் பார்த்தால், அது நமக்கு ஆறாத அவமானம். முடிந்தால் இந்தி அல்லது வங்காளம் தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகங்களில் பாதி, ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும்.

கூட்டத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. வரைபடத்தைக் காட்டுங்கள், பீட் காவலரை அழைத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள், பத்து முதல் பதினைந்து வீடுகளுக்கு ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுங்கள். பொறுப்பாளர்களில் பாதிப்பேர் பெண்களாக இருந்தால் குழு நிலைக்கும். தேர்தலை மனதில் வைத்து வருகிறவர்களை மரியாதையோடு உறுப்பினராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தகவல் ஓடும் வழி

ஒவ்வொரு வீட்டின் எண்ணும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் எண்ணும் அடங்கிய பட்டியலைத் தாளில் அச்சிட்டுப் பொறுப்பாளர்களிடம் மட்டும் கொடுங்கள். கைப்பேசியில் மட்டும் இருக்கும் பட்டியல், மின்சாரம் போய் பேட்டரி தீர்ந்த இரவில் உதவாது. கூடவே, வீட்டுக்கு வீடு ஒட்ட ஒரு சிறு தாள்: அவசர உதவிக்கு 112, காவல் கட்டுப்பாட்டு அறைக்கு 100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930.

வாட்ஸ்அப் குழுவில்தான் கவனம் அதிகம் தேவை. அது ஒரு மாதத்துக்குள் காலை வணக்கப் படங்களால் நிரம்பும். நிரம்பியதும் எல்லோரும் ஒலியை நிறுத்திவைப்பார்கள். பிறகு உண்மையான தகவல் வரும் இரவில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே பொறுப்பாளர்கள் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிட்டு, மற்றவர்கள் தங்கள் பொறுப்பாளரை அழைத்துச் சொல்லட்டும். ஒவ்வொரு பதிவிலும் எங்கே, எப்போது, யார் நேரில் பார்த்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். வேறு குழுவிலிருந்து வந்த எதையும் இங்கே அனுப்பக் கூடாது. முன் பின் தெரியாத ஒருவரின் படத்தைப் போட்டு இவர்தான் திருடன் என்று எழுதுவதை ஒரு தடவைகூட அனுமதிக்காதீர்கள். நான் மேலே சொன்ன 2018ஆம் ஆண்டுச் சாவு, அப்படிப் பரவிய செய்திகளிலிருந்துதான் தொடங்கியது. படம் இருந்தால் அது போக வேண்டிய இடம் காவலரின் எண்.

யாராவது வெளியூர் போவதையும் பொதுக் குழுவில் அறிவிக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரிடமும் பொறுப்பாளரிடமும் சொன்னால் போதும். அவர்கள் வாசலில் கிடக்கும் பேப்பரையும் பால் பாக்கெட்டையும் எடுத்து வைத்து, மாலையில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைப்பார்கள். கூட்டிப் பெருக்காத வாசலும் கோலம் இல்லாத வீடும் நம் ஊரில் பூட்டைவிட உரக்கப் பேசும்.

ஐந்தாம் படி: எதைக் கவனிப்பது, எப்படிக் குறிப்பது

கவனிக்க வேண்டியது நடத்தையைத்தான். ஒரே வாகனம் வேலை எதுவுமின்றி இரண்டு மூன்று நாட்கள் வருவது, பூட்டிய வீடுகளின் அழைப்பு மணியை வரிசையாக அடிப்பது, பின்பக்கச் சுவரோரம் நிற்பது, நகைக்கு மெருகு போடுவதாகச் சொல்லி நண்பகலில் தனியாக இருக்கும் பெண்களை அணுகுவது ஆகியவை குறிக்கத்தக்கவை. சத்தமும் ஒரு தகவல்தான். 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரைத் துளையிட்டுச் சுமார் 15 கிலோ தங்கத்தைக் கொள்ளையடித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சில நாட்களில் ஆள் பிடிபட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் சுடுகாட்டில் புதைத்த நகைகள் மீட்கப்பட்டன. யாரும் போகாத பின்பக்கமும், யாரும் பொருட்படுத்தாத இடிச் சத்தமும் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

குறிக்கும்போது வாகன எண்ணை முதலில் எழுதுங்கள். முழுவதும் தெரியாவிட்டால் கடைசி நான்கு இலக்கம் போதும். நம் எல்லைக்கு அப்பால் சித்தூர் என்பதால் தமிழகப் பதிவா ஆந்திரப் பதிவா என்பதும் உதவும், ஆனால் வெளி மாநில எண் என்பதாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. பிறகு நேரம், போன திசை, உயரம், சட்டை நிறம், தலைக்கவசம், நடையில் தனித்தன்மை.

ஆறாம் படி: குற்றம் கண்ணெதிரே நடந்தால்

முதலில் 112 அல்லது 100. அடுத்து பீட் காவலர். அதற்குப் பிறகுதான் குழு. வீட்டுக்குள் திருடன் இருப்பதாகத் தோன்றினால் உள்ளே போகாதீர்கள். எல்லா வீடுகளிலும் விளக்கைப் போட்டு, விசில் ஊதி, வெளியேறும் வழிகளைத் தூரத்திலிருந்து பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிப் பலருக்கும் தெளிவில்லாமல் இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, தன் கண்ணெதிரில் பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றத்தைச் செய்பவரைச் சாதாரணக் குடிமகனும் பிடிக்கலாம் என்கிறது. ஆனால் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் பிடிக்கும் உரிமையை அந்தப் பிரிவு நமக்குத் தரவில்லை. மரத்தில் கட்டி வைக்கவும் அடிக்கவும் எந்தப் பிரிவும் உரிமை தரவில்லை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கும். கொடுங்காயம் ஏற்படுத்தினால் 117ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. இந்த இரண்டு பிரிவுகளையும் இளைஞர்களிடம் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

செங்கம், ஆம்பூர்ப் பக்கங்களில், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போராடி உயிர்விட்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. அந்த வீரத்தின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆயினும் ஒரு சங்கிலிக்காகவோ இரு சக்கர வாகனத்துக்காகவோ நம் தெருப் பிள்ளை ஒருவன் கத்திக்குத்து வாங்குவதை நான் விரும்பவில்லை. போன பொருளை மீட்கும் வேலை காவல்துறையுடையது.

திருட்டு நடந்த வீட்டில் எதையும் தொட வேண்டாம், பீரோவை ஒழுங்குபடுத்தவும் வேண்டாம், கைரேகை எடுக்கும் வரை அக்கம்பக்கத்தார் உள்ளே கூட்டமாக நுழையாமல் வாசலிலேயே தடுத்து நிறுத்துவது குழுவின் பொறுப்பு. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். உடனே வழக்குப் பதியவில்லை என்றால் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதையாவது வாங்காமல் திரும்பாதீர்கள். குற்றம் வேறு காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற மறுக்க முடியாது.

ஏழாம் படி: விளக்கும் கேமராவும் ரோந்தும்

விளக்கு, புதர், கேமரா என்ற வரிசையில் செலவிடுங்கள். எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணை எழுதி மாநகராட்சிக்கு மனுக் கொடுப்பதற்குச் செலவே இல்லை. பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் வார்டு உறுப்பினரிடமும் கேளுங்கள், ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம்.

கேமராவைத் தெருவின் இரு முனைகளிலும், வாகன எண் தெரியும் உயரத்தில், முகப்பு விளக்கின் ஒளி நேரே அடிக்காத கோணத்தில் வைக்க வேண்டும். மாடி உயரத்தில் வைத்தால் தலைகள்தான் பதிவாகும். யாருடைய வாசலுக்குள்ளோ குளியலறைச் சன்னல் பக்கமோ அது திரும்பியிருக்கக் கூடாது. பதிவுப் பெட்டியில் நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், பத்து நிமிடப் பிழை ஒரு வழக்கையே குழப்பும். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி இணைப்பும், குறைந்தது முப்பது நாள் பதிவைச் சேமிக்கும் வட்டும் வேண்டும். பதிவைப் பார்க்கும் உரிமை இருவருக்கு மட்டுமே இருக்கட்டும், ஒவ்வொரு முறை பார்த்ததையும் நோட்டில் எழுதட்டும். தெருப் பெண்கள் எப்போது வருகிறார்கள், யாரோடு போகிறார்கள் என்று பேசுவதற்குக் கேமரா பயன்படுமானால் அதைக் கழற்றிவிடுவதே மேல்.

இரவு ரோந்து எல்லாத் தெருவுக்கும் தேவைப்படாது. தொடர்ந்து திருட்டு நடக்கும்போது மட்டும், காவல் நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டு, இருவர் இருவராக, டார்ச்சும் விசிலும் மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஏற்கனவே கூர்க்கா இருந்தால் அவருக்கு மாதச் சம்பளத்தைத் தவறாமல் சேர்த்துக் கொடுப்பது அதைவிடப் பயன் தரும். வீடு வீடாகக் கை நீட்ட வைக்காமல் பொறுப்பாளர் வசூலித்து ஒரே நாளில் கொடுங்கள்.

பணம் அதிகம் புழங்கத் தொடங்கினால் மட்டும் பதிவைப் பற்றி யோசியுங்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிந்தால் ஆண்டுக் கணக்கு, பொதுக்குழு எல்லாம் தவறாமல் நடத்த வேண்டும். கேமரா ஒன்று, பல்பு நான்கு என்ற அளவில் இருக்கும் குழுவுக்கு ஒரு வரவு செலவு நோட்டும், அதை மாதம் ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவதும் போதுமானவை.

குழுவை உயிரோடு வைத்திருத்தல்

பரபரப்பில் தொடங்கும் குழு ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம், அரை மணி நேரத்துக்கு மிகாமல், ஏதாவது ஒரு பயனுள்ள பொருளைப் பற்றி நடத்துங்கள். இப்போது பூட்டை உடைப்பவர்களைவிடக் கைப்பேசி வழியாக வருகிறவர்கள் அதிகம் பறிக்கிறார்கள் என்பதால், ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களை உட்காரவைத்து, ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, காணொளி அழைப்பில் யாரும் கைது செய்ய முடியாது, பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் கூட்டத்துக்கு எங்கள் தெருவில் வந்த அளவுக்கு வேறு எதற்கும் ஆட்கள் வந்ததில்லை.

பொறுப்பாளர் வீடு மாறிப் போகும்போது வரைபடம், பட்டியல், கூட்டக் குறிப்பு, வரவு செலவு நோட்டு ஆகிய நான்கையும் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டு, அன்றே காவல் நிலையத்துக்குப் போய்ப் புதியவரின் எண்ணைப் பதிந்துவிட்டு வரட்டும். பழைய எண்ணுக்கு நள்ளிரவில் வரும் அழைப்பை எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.